அம்பை வழித்தடம்: ரயிலுக்கு ஒரு கூட்டு, பேருந்துக்கு ஒரு கூட்டு

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் வர இரண்டு பொது வண்டிகள் உண்டு. சந்திப்பில் செங்கோட்டை ரயிலில் ஏறினால் டவுன், பேட்டை, சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று நின்று, தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டியதும் அம்பை வந்துவிடும். பாபநாசம் பேருந்து பத்தமடை வழியாகச் சேரன்மகாதேவி வந்து, அங்கிருந்து ரயில் தொடும் ஊர்களையே தானும் தொட்டுக்கொண்டு வரும். அம்பைக்குப் பிறகு இரண்டும் பிரிகின்றன. ரயில் கீழாம்பூர், ஆழ்வார்குறிச்சி என்று தென்காசிப் பக்கம் திரும்பிவிட, பேருந்து விக்கிரமசிங்கபுரம் வழியாக மலையடிவாரத்துக்குப் போகிறது.

இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கட்டணத்தையும் நேரத்தையும் பற்றியே பேசுவார்கள். அதைத் திண்ணையில் உட்கார்ந்தே தீர்த்துவிடலாம்: ரயில் மலிவு, பேருந்து அடிக்கடி உண்டு. நான் பார்க்க நினைப்பது வண்டியை நடத்துகிறவர்களின் பக்கம். தங்களுக்குள் வேலையையும் அதிகாரத்தையும் அவர்கள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்? வண்டி கிளம்பலாம் என்று சொல்வது யார், நில் என்று சொல்வது யார், தவறு நடந்தால் அது யார் தலையில் விழுகிறது? ஒரே ஆற்றங்கரையில் ஓடும் இரண்டு வண்டிகளும் இந்தக் கேள்விகளுக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன.

வயதில் ரயில் மூத்தது. தென்னிந்திய ரயில்வே நெல்லையிலிருந்து மேற்கே போட்ட மீட்டர்கேஜ் பாதை, செங்கோட்டை மலையைக் குடைந்து கொல்லம் வரை 1904-இல் திறந்தது. நெல்லை தென்காசிப் பகுதி அகலப்பாதையாகி 2012-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. இன்றும் ஒற்றைப் பாதைதான். ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. பேருந்தின் கதை வேறு. தனியார் முதலாளிகள் கையிலிருந்த தடங்களை அரசு எடுத்துக்கொண்டு, 1974 ஜனவரி 1 அன்று திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தைத் தொடங்கியது. 1997-இல் தமிழ்நாடு முழுவதும் கழகங்களின் பெயரிலிருந்து தலைவர்கள் பெயரெல்லாம் நீக்கப்பட்டபோது அது போக்குவரத்துக் கழகத்தின் மதுரைக் கோட்டத்தின் கீழ் போனது. 2010-இல் திருநெல்வேலிக்கென்று மீண்டும் தனிக் கழகம் வந்தது. வண்ணார்பேட்டையில் அதன் தலைமை அலுவலகம். பாபநாசத்திலும் சேரன்மகாதேவியிலும் பணிமனைகள்.

முதலில் ரயில். ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக வண்டி ஓடவேண்டும் என்றால், ஒரு துண்டுப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் இருக்கலாம். இதை உறுதி செய்யும் முறைக்கு ரயில்காரர்கள் வழங்கும் பெயர் லைன் கிளியர். அம்பை ஸ்டேஷன் மாஸ்டர், தன் முன்னால் நிற்கும் வண்டியை அனுப்ப நினைத்தால் முதலில் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்கவேண்டும். அவர் தன் பக்கம் பாதை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுச் சம்மதம் தரவேண்டும். அதன் பிறகுதான் புறப்பாட்டுச் சிக்னல் இறங்கும். மீட்டர்கேஜ் காலத்தில் இந்தச் சம்மதத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். இரண்டு ஸ்டேஷன்களிலும் மின்கம்பியால் இணைந்த இரண்டு கருவிகள். இரண்டு பேரும் சேர்ந்து இயக்கினால்தான் ஒரு உலோகப் பந்து வெளியே வரும். அந்தப் பந்தைத் தோல்பையில் போட்டுப் பிரம்பு வளையத்தில் கட்டி எஞ்சினுக்குக் கொடுப்பார்கள். நிற்காத வண்டியென்றால் பிளாட்பாரத்தில் ஒருவர் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்க, எஞ்சினிலிருந்து ஒரு கை வந்து கொத்திக்கொண்டு போகும். நாற்பது வயதைத் தாண்டிய அம்பைக்காரர்கள் பலர் அதைப் பார்த்திருப்பார்கள்.

கருவிகள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. தொலைபேசியில் முக்கியமான தகவலைச் சொல்லும்போது வெறுமனே ‘சரி’ என்றால் போதாது. ஒரு இரட்டை இலக்க எண்ணையும் சொல்லவேண்டும். பிரைவேட் நம்பர் என்று பெயர். அந்தந்த ஊழியருக்குக் கொடுக்கப்பட்ட தாளில் வரிசை தப்பிய எண்கள் இருக்கும். ஒன்றைச் சொன்னதும் அடித்துவிடவேண்டும். கேட்டவர் அதைத் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். கேட் கீப்பரும் கேட்டைப் பூட்டிவிட்டதாகச் சொல்லும்போது இப்படி ஒரு எண்ணைத் தருவார். நாளைக்கு விசாரணை வந்தால் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று யாரும் நழுவ முடியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அதிகாரம் ஒருவரிடமே தங்கிவிடாமல் கைமாறிக்கொண்டே இருப்பதுதான். 1976-ஆம் ஆண்டுப் பொது விதிகளின்படி ஸ்டேஷன் எல்லைக்குள் வண்டி இருக்கும்வரை லோகோ பைலட்டும் கார்டும் ஸ்டேஷன் மாஸ்டரின் பேச்சைக் கேட்கவேண்டும். எல்லையைத் தாண்டியதும் போக்குவரத்து சம்பந்தமான விஷயங்களில் வண்டி கார்டின் பொறுப்பு. எஞ்சினின் ஓட்டத்தில் லோகோ பைலட் சொல்வதே முடிவு. 2022-இல் கார்டுக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாறிவிட்டது. நம் ஊரில் அவர் இன்னும் கார்டுதான். எஞ்சினுக்குள்ளும் இதே ஏற்பாடு: லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் வருகிற ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்லி ஒருவருக்கொருவர் உறுதி செய்துகொள்ளவேண்டும். அனுபவத்தில் இளையவர் ‘சிவப்பு’ என்று சொன்னால் மூத்தவர் அதைத் தாண்டிப் போக முடியாது.

மதுரையில் உட்கார்ந்திருக்கும் கன்ட்ரோலர் எந்த வண்டி எங்கே காத்திருக்கவேண்டும், எது முதலில் போகவேண்டும் என்று சொல்கிறார். பெரிய பதவிதான். ஆனால் அவர் நினைத்தால்கூட லைன் கிளியர் இல்லாமல் ஒரு வண்டியையும் நகர்த்த முடியாது. மேலே உள்ளவர் திட்டம் போடுகிறார். கீழே உள்ள இரண்டு பேர் ஒப்புக்கொண்டால்தான் திட்டம் நடக்கிறது. தலைமையைப் பகிர்ந்துகொள்வது பற்றி மேலாண்மைப் பேச்சாளர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். தண்டவாளக்காரர்கள் அதை நூறு ஆண்டுக்கு முன்பே விதிப்புத்தகத்தில் எழுதி, இரும்பிலும் வார்த்து வைத்துவிட்டார்கள்.

தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில் 2023 டிசம்பரில் நடந்தது இதற்கு நல்ல சான்று. டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. வண்டிக்குள் சுமார் 800 பேர். செய்துங்கநல்லூருக்கு முன்னால் பாதையின் கீழிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டிருந்தது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை விடவில்லை. பயணிகள் ஆத்திரப்பட்டிருக்கலாம், ஆனால் ‘போகலாமா, வேண்டாமா’ என்பதை முடிவு செய்ய அந்த இரவில் அவர் யாருடைய தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. விதி அவர் கையில் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது.

அடுத்த கட்டத்தில் விதிப்புத்தகம் தீர்ந்துவிட்டது. ஊரைச் சுற்றி வெள்ளம், சாலை துண்டிப்பு, கையில் சோறு இல்லை. சுமார் 300 பேரை எப்படியோ பக்கத்துப் பள்ளிக்குக் கொண்டு சேர்த்தார்கள். மீதிப்பேர் வண்டியிலேயே இரண்டு இரவு கிடந்தார்கள். அப்போது தலைமை எடுத்தது சுற்றியிருந்த ஊர்க்காரர்கள். வீட்டிலிருந்த அரிசியைப் போட்டுச் சமைத்து வண்டிக்குக் கொண்டுவந்தார்கள். ஹெலிகாப்டரும் பேரிடர் மீட்புப் படையும் அதன் பிறகே வந்து சேர்ந்தன. 19-ஆம் தேதி பயணிகள் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து தனி ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். வண்டியை நிறுத்துவது வரைக்கும் ரயில்வேயின் கூட்டுப்பணிக்கு ஈடில்லை. நிறுத்திய பிறகு வேலி தாண்டி அடுத்தவரோடு சேர்ந்து வேலை செய்ய அதன் எழுதிவைத்த முறைகள் போதவில்லை.

அன்றாட ஓட்டத்திலும் இந்தக் குறை தெரியும். அம்பை பிளாட்பாரத்தில் பாசஞ்சருக்குக் காத்திருக்கும் பெரியவர், “எப்பம் வரும் சார்?” என்று கேட்டால், “கன்ட்ரோல்ல இன்னும் சொல்லலீங்க அண்ணாச்சி” என்பதே பதில். ஏதோ ஒரு எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு எங்கோ ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றுகொண்டிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய பேருந்து தெருமுனையில் வந்துகொண்டிருக்கிறது, இரண்டு நிமிஷம் பொறுப்போம் என்று முடிவெடுக்க அம்பையில் யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஆபத்தைத் தடுக்கும் அதிகாரம் கீழ்வரை பகிரப்பட்டிருக்கிறது. வசதி செய்துதரும் அதிகாரம் மதுரையைத் தாண்டி வரவில்லை.

இனிப் பேருந்து. இங்கே கூட்டு என்றால் இரண்டே பேர். வண்டியின் பின்பாதி டிரைவர் கண்ணில் படாது. முன்னால் வரும் லாரி கண்டக்டர் கண்ணில் படாது. ஆகவே இருவருக்கும் நடுவில் ஒரு விசில். ஒன்று ஊதினால் நிறுத்து, இரண்டு ஊதினால் போகலாம். வீரவநல்லூர் நிறுத்தத்தில் காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தால் இதன் அருமை தெரியும். பின்படியில் கல்லூரிப் பையன்கள், முன்படியில் கூடையோடு ஒரு அம்மா. கண்டக்டர் நடுவில் மாட்டிக்கொண்டு, “உள்ள போங்கவே, உள்ள எடம் கெடக்கு! அக்கா, கூடைய டிரைவர் பக்கம் தள்ளி வைங்க” என்று சொல்லிக்கொண்டே படியை எட்டிப் பார்க்கிறார். விசில் வாயில்தான் இருக்கிறது, ஊதவில்லை. பின்னால் தனியார் பேருந்து ஒன்று ஹாரன் அடிக்கிறது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தபடி இருக்கிறார், கை கியரில். கடைசிப் பையனின் கால் படியில் பட்டதும் இரட்டை விசில். அதற்கு ஒரு நொடி முன்பே கிளட்சு அமுங்கிவிட்டது. பல மாதம் ஒன்றாக டூட்டி பார்த்தவர்களுக்கு மட்டும் கைவரும் ஒற்றுமை இது.

விதியில் எழுதாத பலவற்றை இந்த இருவரும் செய்கிறார்கள். இரவு கடைசி நடையில் தனியாக வரும் பெண் சொல்லும் இடத்தில் நிறுத்துவது, தினமும் ஏறுகிற டீச்சரைக் காணவில்லையென்றால் ஒரு நிமிஷம் பார்ப்பது, மாத்திரைப் பொட்டலத்தை வாங்கி அடுத்த ஊர் டீக்கடையில் கொடுப்பது. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று காட்டுக்குள் ஏறும் பேருந்தில் இது இன்னும் அதிகம். கொண்டையூசி வளைவில் எதிரே ஒரு வண்டி வந்துவிட்டால் கண்டக்டர் இறங்கி நின்று கையசைக்க, டிரைவர் அவரை மட்டுமே பார்த்துப் பின்னால் எடுக்கவேண்டும். அங்கே உள்ள தேயிலை எஸ்டேட்களுக்குச் சிங்கம்பட்டி ஜமீன் தந்த குத்தகை 2028-இல் முடிகிறது; 2024-இலேயே எஸ்டேட் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்திவிட்டது. அங்கே மிச்சமிருக்கும் குடும்பங்களுக்கு அரசு என்பது பெரும்பாலும் அந்தப் பேருந்தும் அதிலுள்ள இரண்டு பேரும்தான்.

ஆக, ஓடும் வண்டிக்குள் தலைமை அழகாகப் பகிரப்பட்டிருக்கிறது. சிக்கல் கணக்குப் பார்க்கும்போது வருகிறது. பணிமனைக்குத் திரும்பியதும் டிரைவரிடம் கேட்கப்படும் கேள்வி, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் வந்தது என்பது. கண்டக்டரிடம் கேட்கப்படுவது, வசூல் எவ்வளவு என்பது. டீசல் மிச்சமாக வேண்டுமென்றால் பிரேக் குறையவேண்டும், நிறுத்தம் குறையவேண்டும். வசூல் ஏறவேண்டுமென்றால் கைகாட்டுகிற இடத்திலெல்லாம் நிறுத்தவேண்டும். ஒரே வண்டியில், ஒரே நடையில், ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கைக் கடிக்கிறது. வசூல் படி இரண்டு பேருக்கும் உண்டு என்பது ஓரளவுக்குச் சமாதானம். ஆனால் தண்டனை பொதுவில் வராது. பரிசோதகர் ஏறி டிக்கெட் இல்லாத ஒருவரைப் பிடித்தால் அது கண்டக்டர் தலையில். வண்டி உரசினால் டிரைவர் தலையில். நெரிசலில் விசிலுக்கும் கிளட்சுக்கும் நடுவில் நடந்த தவறு யாருடையது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. பதிவேடு மட்டும் பிரித்துச் சொல்லிவிடும்.

ரயிலில் ஒரே செயலுக்கு இரண்டு பேரின் எண்கள் ஒரே பதிவேட்டில் ஏறுகின்றன. பேருந்தில் இரண்டு பேர் சேர்ந்து செய்த ஒரே செயல் இரண்டு தனித்தனிக் கணக்கில் ஏறுகிறது. இந்த ஒப்பீட்டில் முக்கியமான வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். டிரைவரும் கண்டக்டரும் மனம் ஒத்துப்போனால் நிர்வாகம் பிழைத்துக்கொள்கிறது. ஒத்துப்போகாத இரண்டு பேரைச் சேர்த்து டூட்டி போட்டுவிட்டால், அதன் பலனை வழிநெடுக நிற்கும் பயணிகள் அனுபவிக்கிறார்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, ‘பெண்கள் மட்டும் நின்றால் நிறுத்தாமல் போகிறார்கள்’ என்ற புகார் மாநிலம் முழுக்க எழுந்தது. அதை ஊழியர்களின் மனக்கோணலாக மட்டும் பார்ப்பது சரியில்லை. வசூலையும் டீசலையும் மட்டுமே எண்ணிப் பழகிய அமைப்பு, ஏறிய ஆட்களை எண்ணக் கற்றுக்கொள்ளாததும் அதில் ஒரு பங்கு.

பணிமனைக்குள் இன்னொரு கூட்டு உண்டு. யாரும் அதைப் பார்ப்பதில்லை. இரவு வண்டியை விட்டுவிட்டுப் போகும் டிரைவர், ‘பிரேக் இடதுபுறம் இழுக்கிறது, கிளட்சு தட்டுகிறது’ என்று எழுதி வைத்துவிட்டுப் போவார். இரவுப் பணி மெக்கானிக் அதைப் படித்துச் சரிசெய்யவேண்டும். விடியற்காலை வேறொரு டிரைவர் அதை எடுத்துக்கொண்டு மலை ஏறுவார். மூன்று பேரும் நேரில் சந்திக்காமலே போகலாம். உதிரிபாகம் இருந்தால் இந்தச் சங்கிலி ஓடும். இல்லையென்றால் ‘பார்த்துக்கொள்ளவும்’ என்ற குறிப்போடு வண்டி வெளியே வரும். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் லைன் கிளியர் மறுப்பதுபோல, ‘இந்த வண்டி போகக் கூடாது’ என்று சொல்லும் திடமான அதிகாரம் அந்த மெக்கானிக்குக்கு இருக்கவேண்டும். இருந்தாலும் அதைப் பயன்படுத்துகிறவருக்கு மேலிடத்தில் பின்பலம் வேண்டும். காலை ஐந்து மணிக்கு நடை ரத்தாகிவிடுமே என்ற பயத்துக்கு முன்னால் அது பெரும்பாலும் நிற்பதில்லை.

தொழிற்சங்கங்களைச் சொல்லாமல் விட்டால் போக்குவரத்துக் கழகத்தின் படம் முழுமையாகாது. தொமுச, சிஐடியு, அண்ணா தொழிற்சங்கம், ஏஐடியுசி என்று பணிமனை வாசலில் வரிசையாகக் கொடிகள் நிற்கும். எட்டுக் கழகங்களுக்கும் சேர்த்து ஊதிய ஒப்பந்தம் சென்னையில் பேசி முடிக்கப்படுகிறது. 2018 ஜனவரியிலும் 2024 ஜனவரியிலும் நடந்த வேலைநிறுத்தங்களை எல்லோரும் அறிவோம். ஊதியத்திலும் ஓய்வூதியத்திலும் தொழிலாளர் குரல் மேலே வரை எட்டுகிறது. பாபநாசம் தடத்தில் எந்த நேரத்து நடை காலியாக ஓடுகிறது, எந்த நேரத்தில் ஆட்கள் தொங்குகிறார்கள் என்பதில் அதே தொழிலாளியின் குரல் எங்கும் எட்டுவதில்லை. அந்தத் தடத்தைப் பற்றி அவரை விட அதிகம் தெரிந்தவர் வண்ணார்பேட்டையில் யாரும் இருக்க முடியாது. சங்கங்களும் இதை ஒரு கோரிக்கையாக எடுத்ததில்லை என்பது என் வருத்தம்.

ரயிலும் பேருந்தும் நேருக்கு நேர் சந்திக்கும் ஒரே இடம் ரயில்வே கேட். அங்கேயும் பேச்சு வார்த்தை கிடையாது. கேட் மூடியிருக்கிறது, பேருந்து நிற்கிறது, கண்டக்டர் இறங்கி நின்று தண்டவாளத்தைப் பார்க்கிறார். அந்தப் பத்து நிமிஷம் பேருந்தின் நடைநேரத்தில் தாமதமாக விழும். ரயில்வேயின் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. எழுத்தில் உள்ள கூட்டுப்பணியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் ஒரு கேட்தான் காட்டியது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதிப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். கேட் மூடியதாக எண் கொடுக்கப்பட்டிருந்தும் கேட் திறந்தே இருந்தது என்று விசாரணையில் தெரியவந்ததாகச் செய்திகள் வந்தன. சிக்னலோடு இணைக்கப்படாத கேட் அது. எண் சொல்வது பழக்கமாகிப்போனால், சொல்லும் வாய்க்கும் செய்யும் கைக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடும். ரயில்வேயின் முறை உயர்ந்தது என்று மேலே நான் சொன்னது சரிதான். அந்த முறைக்கும், கேட்டில் தனியே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் களைப்பைக் கவனிக்கிற யாராவது வேண்டும். பேருந்தில் பக்கத்திலேயே இன்னொரு ஆள் இருக்கிறார், டிரைவர் கண் சொருகினால் “அண்ணாச்சி, ஒரு டீ குடிச்சிட்டுப் போவமா?” என்று கேட்க ஆள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் பேருந்து ரயிலை விட ஒரு படி மேல்.

அம்பை வட்டாரத்தில் இந்தப் பிரிவுகள் எல்லாம் ஒன்றுசேரும் நாட்களும் உண்டு. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் போவார்கள். கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். சாலை ஒன்றுதான், அதுவும் மலைச்சாலை. எல்லா வேனும் காரும் ஏறினால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்த பிறகு, சமீப ஆண்டுகளில் தனியார் வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு, அகஸ்தியர்பட்டியில் தற்காலிகப் பேருந்து நிலையம் அமைத்து அரசுப் பேருந்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். வனத்துறை சோதனைச் சாவடியில் நிற்கிறது, போலீஸ் சாலையில் நிற்கிறது, வருவாய்த்துறை கூட்டம் போட்டு முடிவெடுக்கிறது, போக்குவரத்துக் கழகம் மற்றப் பணிமனைகளிலிருந்தும் வண்டி வரவழைக்கிறது. குறை சொல்ல நிறைய இருக்கலாம். வரிசையில் நின்றவர்கள் சொல்லவும் செய்கிறார்கள். ஆனாலும் ஐந்தாறு துறைகள் ஒரு மேசையில் உட்கார்ந்து ‘இது உன் பொறுப்பு, இது என் பொறுப்பு’ என்று பிரித்துக்கொண்டு, யார் சொன்னால் வண்டி மேலே ஏறலாம் என்பதிலும் ஒரு முடிவுக்கு வருகின்றன. அய்யனாருக்காக முடிகிறது. அன்றாடம் வேலைக்கும் படிப்புக்கும் போகிறவனுக்காக அந்த மேசை போடப்படுவதில்லை.

இது உலகத்தில் யாரும் செய்யாத காரியமில்லை. சுவிட்சர்லாந்தில் 1982 முதல் ரயில்கள் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரே நிமிடத்தில் வந்துபோகும்படி அட்டவணை அமைத்து, மலைக்கிராமங்களுக்குப் போகும் அஞ்சல் பேருந்துகளை ரயிலோடு பொருத்திவிட்டார்கள். ரயில் வந்து நிற்கும்போது வெளியே பேருந்து நிற்கும். அது பணக்கார நாடு என்று தள்ளிவிடலாம்தான். சென்னையையே பார்ப்போம். அங்கே பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று ஒரு அமைப்பு சட்டப்படி இருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுக்கலாம். நம் அம்பைக்குச் செயலியும் வேண்டாம், குழுமமும் வேண்டாம். ரயில்களோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவற்றின் வருகை நேரத்தைப் பாபநாசம் பணிமனையின் நேரக் காப்பாளர் மேசையில் ஒட்டிவைப்பதில் தொடங்கலாம்.

அந்த நான்கைந்து ரயில்களுக்கும் ஸ்டேஷன் வாசலிலிருந்து விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் வரை ஒரு நகரப் பேருந்தைப் பொருத்திவிட்டால், மலையடிவாரத்து ஊர்களுக்கு ரயில் வந்துவிட்டதற்குச் சமம். வண்டி தாமதமானால் ஸ்டேஷன் மாஸ்டர் பேருந்து நிலையத்து நேரக் காப்பாளருக்கு ஒரு போன் போடவேண்டும். குறிப்பிட்ட நேரம் வரை காத்திருக்கும் உரிமையைக் கண்டக்டருக்கும் டிரைவருக்கும் எழுத்தில் கொடுக்கவேண்டும். காத்திருந்ததற்கு அவர்களிடம் விளக்கம் கேட்கக் கூடாது. டீசலையும் வசூலையும் இரண்டு பேரின் பொதுக் கணக்காகவே பார்க்கவேண்டும். இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை. மதுரைக் கோட்டத்து அதிகாரி ஒருவரும் வண்ணார்பேட்டை அதிகாரி ஒருவரும், இந்தத் தடத்தில் ஓடும் இரண்டு மூன்று ஊழியர்களையும் பயணிகள் சார்பில் ஒருவரையும் வைத்துக்கொண்டு ஒரு பொழுது உட்கார்ந்தால் முடிகிற வேலை.

ரயில்வே கால அட்டவணை அவ்வப்போது மாறும். மாறும்போது பயணிகள் சங்கங்கள் மனு கொடுப்பது வழக்கம். மனுக்களில் பெரும்பாலும் கேட்பது புது ரயில், கூடுதல் நிறுத்தம். அடுத்த முறை அம்பை, கல்லிடை, வி.கே.புரம் வட்டாரத்துக்காரர்கள் மனு எழுதும்போது, ஒரே மனுவை இரண்டு அலுவலகங்களுக்கும் முகவரியிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து பதில் தரவேண்டும் என்று கேட்டு எழுதுங்கள்.